ஏர் ரைஃபிளுக்கு நாலு டப்பா பெல்லட் வாங்கி சுட்டு பாத்தேன், எது தேறிச்சுன்னா

மொதல்லயே சொல்லிடறேன், இது துப்பாக்கி ரிவ்யூ இல்ல, அதுல போடற பெல்லட்டோட, அதாவது சின்ன குண்டோட ரிவ்யூ. துப்பாக்கி சாதா 0.177 (குழாயோட அகலம், இன்ச் கணக்கு) பிரேக் பேரல், அதாவது குழாய மடக்கி லோடு பண்றது, உள்ள ஸ்பிரிங் பிஸ்டன் தான் காத்த தள்ளும், சுடற சக்தி 20 ஜூலுக்குள்ள இருக்கறதால லைசென்ஸ் தேவையில்ல. வாங்கி ரெண்டு மாசம் ஆயும் அஞ்சு ஷாட் போட்டா காட்பாடி ஜங்ஷன்ல ட்ரெயின் பிரியற மாதிரி ஒன்னு சென்னை பக்கம் போவுது, ஒன்னு திருப்பதி பக்கம், ஒன்னு விழுப்புரம் பக்கம். துப்பாக்கி தான் கோளாறுன்னு வித்துடலாம்னு கூட இருந்தேன்.

பெரியப்பாகிட்ட பயிர் காவலுக்கு எடுத்த பழைய 0.315 ரைஃபிள் ஒன்னு இருக்கு, எலக்‌ஷன் வந்தா போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், மத்த நாள்ல பீரோவுல தூங்கும். அதுக்கு 8 மில்லிமீட்டர் குண்டு, 244 கிரெயின் (குண்டு எட போடற அளவு), அதாவது நம்ம பெல்லட்டு மாதிரி 29 சேந்தா ஒரு குண்டு வெயிட். கடையில கெடைக்கறத வாங்கி போட வேண்டியது தான், தேர்ந்தெடுக்கற பேச்சே இல்ல. வெளிநாட்டுல 30-06ன்னு வேட்டை ரைஃபிள் வச்சிருக்கறவங்க 150 கிரெயினா 180 கிரெயினா, ஸாஃப்ட் பாயின்ட்டா (முனையில ஈயம் தெரியற குண்டு) முழு காப்பரான்னு மண்டைய ஒடச்சிக்கினு, வீட்லயே தோட்டா கட்டி, ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்த மாத்தி மாத்தி சுட்டு பாப்பாங்க, ஏன்னா ஒரே கம்பெனி ரெண்டு பேரல் கூட ஒரே குண்ட ஒரே மாதிரி சுடாது. நமக்கு மருந்து கட்டற வேலையெல்லாம் கெடையாது, ஆனா அந்த பொறுமைய பெல்லட் டப்பா மேல காட்டலாம்ல?

நாலு டப்பா. ஒன்னு துப்பாக்கியோட ஓசியில வந்த உள்ளூர் சரக்கு. ரெண்டாவது கூர் மூக்கு வச்ச லைட் வெயிட் அலாய், டப்பா மேல பெருசா ஸ்பீடு போட்டிருப்பான். மூணாவது ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், தட்ட மூக்கு, 0.53 கிராம். நாலாவது ஜேஎஸ்பி எக்ஸாக்ட், உருண்ட மூக்கு, 4.52 சைஸ், 8.44 கிரெயின், கிராம் கணக்குல 0.547. கடைசி ரெண்டுல ஒரு டப்பா காசுக்கு ஆம்பூர்ல நாலு பேர் வயிறு முட்ட பிரியாணி சாப்டலாம், அத நெனச்சிக்கினு தான் ஆர்டர் போட்டேன். அனுப்பின ஆளு பேரு வேணாம், 500 ஈய பெல்லட்ட ஒரு மெல்லிசு கவர்ல போட்டு அனுப்பி, டப்பா நசுங்கி, பத்து நாப்பது பெல்லட்டோட பாவாட ஓரம் மடிஞ்சி வந்துது. பின்னாடி இருக்கற அந்த மெல்லிசு ஓரம் தான் காத்து அடிக்கும்போது விரிஞ்சி பேரல்ல ஒட்டிக்கும், அது கோணினா காத்து லீக்கு, பெல்லட்டும் கோணலா தான் போவும். போன் பண்ணா எடுக்கல.

வேலூர் லாங் பஜார்ல நகை பட்டறை வச்சிருக்கற மாமா கடையில தராசு மில்லிகிராம் வரைக்கும் காட்டும். மத்தியானம் கூட்டம் இல்லாதப்ப போய் ஒவ்வொரு டப்பாவுலயும் இருபது இருபதா எடுத்து வச்சி பாத்தேன். ஓசி டப்பாவுல 0.48ல இருந்து 0.56 வரைக்கும் இஷ்டத்துக்கு ஆடுது, சிலதுல ஓரத்துல பிசிறு வேற. ஜேஎஸ்பில இருபதும் 0.54, 0.55 சுத்தியே நிக்குது. மாமா கண்ணாடிய ஏத்திக்கினு "ஈயத்துக்கு கூட சேதாரம் பாக்கறியாடா"ன்னு சிரிக்கறாரு.

சுட்டது ஒடுகத்தூர் பக்கம் பெரியப்பா நெலத்துல, பின்னால மணல் மூட்டைய அடுக்கிட்டு. பெல்லட் மாத்தினதும் மொத பத்து பதினஞ்சு ஷாட்ட கணக்குல எடுக்காதீங்க, பேரல் புது ஈயத்துக்கு பழகணும். பத்து மீட்டர்ல ஓசி சரக்கு உள்ளங்கை அகலம். அலாய் அதவிட மோசம், சத்தம் மட்டும் டப்பு டப்புன்னு. அந்த ஸ்பீடு எப்டி வருதுன்னா பெல்லட்டோட வெயிட்ட கொறச்சிட்டா அதே ஸ்பிரிங்ல வேகம் ஏறும், அவ்ளோ தான், பேப்பர்ல ஓட்ட எங்க விழுதுன்னு டப்பாவுல எழுத மாட்டான். ஹெச் அண்ட் என், ஜேஎஸ்பி ரெண்டுமே அஞ்சு ஷாட்டு சட்ட பட்டன் அளவுக்குள்ள. தட்ட மூக்கு பேப்பர்ல பஞ்சிங் மிஷின் போட்ட மாதிரி வட்டமா வெட்டும், ஸ்கோர் எண்ண சொகமா இருக்கும், போட்டிக்காரங்க அத போடறதே அதுக்கு தான். பத்து மீட்டர் போட்டி டார்கெட்ல நடு புள்ளி வெறும் அர மில்லிமீட்டர், யோசிச்சி பாருங்க.

25 மீட்டருக்கு போனதும் கத மாறிடுச்சி. தட்ட மூக்கு காத்துல சட்டுனு வேகம் கொறஞ்சி செதற ஆரம்பிச்சிது, உருண்ட மூக்கு மட்டும் பத்து ரூபா காசுக்குள்ள நின்னுது. பெரியப்பா வரப்புல உக்காந்துக்கினு "இன்னாடா, வெத நெல்லு பொறுக்கற மாதிரி குண்ட பொறுக்கிக்கினு கீற"ன்னாரு. "நீங்களே ஒன்னு போட்டு பாருங்க பெரியப்பா"ன்னு குடுத்தேன். 0.315 பழக்கத்துல தோள்ல இறுக்கி புடிச்சி சுட்டாரு, டார்கெட்டே படல. ஸ்பிரிங் துப்பாக்கி பெல்லட் வெளிய போறதுக்குள்ளயே முன்ன பின்ன ஒதறும், அத இறுக்கினா போச்சி, உள்ளங்கையில சும்மா தாங்கணும். ரெண்டாவது தடவ சொன்னபடி புடிச்சாரு, டார்கெட்டோட கருப்பு வட்டத்துக்குள்ள விழுந்துது, அப்பறம் என்கிட்ட திருப்பி குடுக்கவே மனசு இல்ல. துப்பாக்கி கட்டையில இருக்கற ஸ்க்ரூவும் ஐம்பது ஷாட்டுக்கு ஒரு தடவ பாருங்க, எனக்கு ஒன்னு லூசா இருந்துது, பாதி பழி அதுக்கு தான்.

கொக்கு, மொயலு, காட்டுப்பன்னின்னு யாராவது யோசிச்சா இப்பவே விட்டுடுங்க, 1972 வனவிலங்கு சட்டத்துல மாட்டினா பெல்லட் காசு கணக்கே இருக்காது, ஜெயில் தான். பேப்பர் டார்கெட்டு, தகர டப்பா, போதும். சுட்டு முடிச்சதும் கைய சோப்பு போட்டு கழுவிட்டு தான் சாப்பாட்டுல கை வைக்கணும், ஈயம்.

என் துப்பாக்கிக்கு ஜேஎஸ்பி அஞ்சுக்கு நாலர ஸ்டார், அர ஸ்டார் வெலைக்கு கொறச்சேன். உங்க பேரலுக்கு ஹெச் அண்ட் என் கூட ஒத்து வரலாம், டப்பா டப்பாவா வாங்கறதுக்கு முன்ன யார்கிட்டயாவது இருபது இருபது கடன் கேட்டு சுட்டு பாருங்க. ஓசி டப்பா இன்னும் முக்கால்வாசி இருக்கு, வேணுங்கறவங்க சத்துவாச்சாரி வந்து எடுத்துக்கலாம்.