பாலியஸ்டர் துணி: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

உலகில் 2023ஆம் ஆண்டில் உற்பத்தியான மொத்த இழைகளில் ஏறத்தாழ 57 விழுக்காடு பாலியஸ்டர். இவ்வளவு பரவலான ஒரு துணியைப் பற்றி வாங்குவோரிடையே இரண்டே கருத்துகள்தாம் வழங்குகின்றன. நன்றாக உழைக்கும் என்பார்கள் ஒரு சாரார். போட்டால் உடம்பு வேகும் என்பார்கள் மறுசாரார். இரண்டுமே உண்மை. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதையும், அதைப் புரிந்துகொண்டால் எந்த உடைக்குப் பாலியஸ்டரை நம்பலாம், எந்த உடைக்குத் தவிர்க்க வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமலே முடிவு செய்துவிடலாம் என்பதையும் காட்டுவதே இம்மதிப்புரையின் நோக்கம். அந்த வேர், பாலியஸ்டர் இழை தண்ணீரைக் குடிப்பதில்லை என்பதுதான்.

பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் டெரிப்தாலிக் அமிலத்தையும் எத்திலீன் கிளைக்காலையும் வினைபுரியச் செய்து உருவாக்கும் நெகிழிதான் பாலியஸ்டர். குடிநீர் பாட்டில்கள் செய்யப்படுவதும் இதே பொருளால்தான். அதன் சில்லுகளைச் சுமார் 280 பாகை செல்சியஸில் உருக்கி, நுண்துளைகள் உள்ள தகட்டின் வழியே பிதுக்கி, காற்றில் ஆறவைத்து, பல மடங்கு நீளத்துக்கு இழுத்தால் இழை கிடைக்கிறது. 1930களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் ஆராய்ந்த பாலியஸ்டர்கள் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிட்டதால் அவர்கள் நைலான் பக்கம் திரும்பினார்கள். 1941இல் இங்கிலாந்தில் ஜான் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் பென்சீன் வளையம் (ஆறு கரியணுக்கள் வளையமாகப் பிணைந்த விறைப்பான அமைப்பு) கொண்ட டெரிப்தாலிக் அமிலத்தைப் பயன்படுத்தியபோதுதான், 260 பாகை அளவில் உருகக்கூடிய, துணிக்கு ஏற்ற உறுதியான இழை உருவானது. ஐசிஐ நிறுவனம் அதை டெரிலீன் என்றும், டூபான்ட் அதை டாக்ரான் என்றும் விற்றன.

ஓர் இழை காற்றிலுள்ள ஈரத்தை எவ்வளவு தன்னுள் வாங்கிக்கொள்கிறது என்பதைத் துணித்துறையினர் 20 பாகை வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் வைத்து அளக்கிறார்கள். அந்த அளவில் பருத்தி தன் எடையில் 7 முதல் 8 விழுக்காடும், பட்டு சுமார் 11 விழுக்காடும், மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் 12 அல்லது 13 விழுக்காடும், கம்பளி 14 முதல் 16 விழுக்காடும் ஈரத்தை ஏற்கின்றன. செயற்கை இழையான நைலான்கூட 4 விழுக்காடு ஏற்கிறது. பாலியஸ்டர் ஏற்பது 0.4 விழுக்காடு மட்டுமே. பருத்தி இழையை ஆக்கும் செல்லுலோஸ் என்ற பொருள் முழுவதும் நீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்திருக்க, பாலியஸ்டரின் சங்கிலியில் அப்படிப்பட்ட பிடிமானங்கள் இல்லை என்பதே இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் காரணம்.

இந்த ஓர் எண்ணிலிருந்து நன்மைகள் வரிசையாக வருகின்றன. நீரை ஏற்காத இழை நனைந்தாலும் உப்புவதில்லை. ஆகவே துவைத்ததும் சுருங்குவதில்லை, வடிவம் கெடுவதில்லை. நனைந்த நிலையிலும் அதன் வலிமை குறைவதில்லை. பருத்தியோ ஈரத்தில் சற்றுக் கூடுதல் வலிமை பெறுகிறது. அதே செல்லுலோஸால் ஆன விஸ்கோஸ் ஈரத்தில் ஏறத்தாழப் பாதி வலிமையை இழந்துவிடுவதால்தான் அதை முறுக்கிப் பிழியக் கூடாது என்கிறார்கள். பாலியஸ்டரை எப்படிப் பிழிந்தாலும் தாங்கும். பிழிந்தபின் இழைகளுக்கு இடையே ஒட்டியிருக்கும் நீர் மட்டுமே வெளியேற வேண்டியிருப்பதால் விரைவில் உலர்ந்துவிடும். பயணத்துக்கு ஒரே ஒரு சட்டைதான் எடுத்துப்போக முடியும் என்றால் நான் தயங்காமல் பாலியஸ்டர் கலந்ததையே எடுப்பேன்; இரவில் அலசிப் போட்டதைக் காலையில் இஸ்திரி இல்லாமலே அணிந்துகொள்ளலாம்.

கசங்காமைக்கும் ஈரத்தோடு தொடர்பு உண்டு. பருத்தியில் இழைக்குள் புகும் ஈரம் மூலக்கூறுகளின் பிணைப்புகளைத் தளர்த்தி, மடிந்த நிலையிலேயே மீண்டும் பிணைய விடுகிறது. உட்கார்ந்து எழுந்ததும் சட்டையின் பின்புறத்தில் விழும் சுருக்கம் இவ்வாறு உண்டாவதே. பாலியஸ்டரில் ஈரத்துக்கு அந்த வேலை இல்லை. அதை வளைக்கவும் படியவைக்கவும் வெப்பம்தான் வேண்டும். ஆலையில் 180 பாகைக்கு மேல் சூடேற்றி மடிப்பு வைத்துவிட்டால், பாவாடை மடிப்பும் கால்சட்டையின் முன்கோடும் எத்தனை முறை துவைத்தாலும் மாறுவதில்லை. இதே குணத்துக்கு மறுபக்கமும் உண்டு: வீட்டில் கொதிக்கக் கொதிக்க நீரூற்றித் துவைத்து, சூடு ஆறுமுன் முறுக்கிப் போட்டால், அந்தச் சுருக்கமும் எளிதில் போகாது. மிதமான சூட்டுக்கு மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் துணி பளபளத்து, இன்னும் சூடானால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

இனி, வேகும் என்ற குறைக்கு வருவோம். உடலிலிருந்து வியர்வை முதலில் ஆவியாகவே வெளியேறுகிறது. பருத்தியும் கம்பளியும் அந்த ஆவியை இழைக்குள்ளேயே வாங்கிக்கொண்டு, தோலுக்கும் துணிக்கும் இடைப்பட்ட காற்றை ஓரளவு உலர்ந்ததாக வைத்திருக்கின்றன. நெருக்கமாக நெய்த பாலியஸ்டரில் ஆவிக்கு இழைக்குள்ளும் இடமில்லை, இழைகளுக்கு நடுவிலும் போதிய வழியில்லை. அது தோலின் மேலேயே நீராகத் தங்கிப் பிசுபிசுக்கிறது. உடம்போடு ஒட்டி, நாள் முழுவதும் அணியும் உள்ளாடைக்கும், வெக்கையில் அணியும் முறைச்சட்டைக்கும் (அலுவலகம் போன்ற இடங்களுக்கு அணிவது), தலையணை உறைக்கும், படுக்கை விரிப்புக்கும் முழுப் பாலியஸ்டரை நான் பரிந்துரைக்கமாட்டேன். தொட்டால் பட்டுப்போல் வழுக்கும் படுக்கை விரிப்புகளைக் கடையில் விரித்துக் காட்டும்போது மனம் அதன் மென்மையிலேயே நின்றுவிடுகிறது. அதன் மேல் ஓர் இரவு படுத்தால்தான் முதுகுக்குக் காற்று வேண்டும் என்பது தெரியும்.

ஆனால் விளையாட்டு வீரர்கள் பாலியஸ்டரையே அணிகிறார்களே என்ற கேள்வி இங்கே நியாயமாக எழும். ஈரத்தை உறிஞ்சுவது ஒன்று, ஈரத்தைக் கடத்துவது வேறொன்று. இழை நீரைக் குடிக்காவிட்டாலும், மிக நுண்ணிய இழைகளை நெருக்கமாகச் சேர்த்தால் அவற்றின் இடுக்குகளில் நீர் தானே ஏறிப் பரவும். இழையின் வெளிப்புறத்தில் நீளவாக்கில் பள்ளங்கள் அமையும்படி தயாரித்தால் அந்தப் பரவல் இன்னும் விரைவாகும். இப்படிப் பின்னிய துணி தோலிலிருந்து வியர்வையை இழுத்து, அகன்ற மேற்பரப்பில் பரப்பி, விரைவில் ஆவியாக்கிவிடுகிறது. ஓடும்போது பருத்திச் சட்டை தண்ணீரைச் சுமந்து கனத்து, நின்றவுடன் குளிரத் தொடங்கும். நல்ல பாலியஸ்டர் பின்னலாடை அதே நேரத்தில் ஏறக்குறைய உலர்ந்திருக்கும். ஆகவே ஓட்டத்துக்கும் மலையேற்றத்துக்கும் பாலியஸ்டருக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். உடையில் தைத்திருக்கும் விவரச் சீட்டில் ‘100% பாலியஸ்டர்' என்று அச்சிட்டிருப்பது மட்டும் இதற்குச் சான்றாகாது. அதே சொல் நெருக்கமாக நெய்த மேலங்கி உட்துணிக்கும் பொருந்தும், கண்ணிகள் திறந்த பின்னலாடைக்கும் பொருந்தும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வாயை ஒட்டி வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபுறம் போகாத துணியில் வியர்வையாவியும் எளிதில் போகாது.

விளையாட்டு உடையைப் பொறுத்தவரை நான் ஒரு குறையை மறைக்க விரும்பவில்லை, அது நாற்றம். நீரை விலக்கும் இழை எண்ணெயை விரும்பி ஏற்கும். தோலின் எண்ணெய்ப் பிசுக்கு அதில் ஒட்டிக்கொள்ள, நுண்ணுயிர்கள் அங்கே பெருகுகின்றன. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரை உடற்பயிற்சி செய்யவைத்து அவர்களுடைய சட்டைகளைச் சோதித்து 2014இல் வெளியிட்ட முடிவில், பருத்திச் சட்டைகளைவிடப் பாலியஸ்டர் சட்டைகளின் நாற்றமே கடுமையாக இருந்தது. நாற்றத்தை உண்டாக்கும் மைக்ரோகாக்கஸ் வகை நுண்ணுயிர் பாலியஸ்டரில்தான் நன்கு வளர்ந்தது. துவைத்தபின் வாசம் இல்லாத சட்டை, போட்டுக்கொண்டு உடல் சூடேறியதும் மீண்டும் நாறுவதற்கு உள்ளே தங்கிவிட்ட அந்தப் பிசுக்கே காரணம். வியர்த்த உடையைச் சுருட்டி வைக்காமல் அன்றே அலசுவதும், உட்புறத்தை வெளியே திருப்பித் துவைப்பதும் பலன் தரும். துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்கவே கூடாது. அது இழையின் மேல் படலமாகப் படிந்து, ஈரம் பரவும் இடுக்குகளை மூடிவிடும். நாற்றம் பிடிக்காமல் இருப்பதில் கம்பளியை மிஞ்சும் இழை அரிது. மென்மையான மெரினோ கம்பளி உள்சட்டையைப் பல நாள் அணிந்தாலும் எளிதில் நாறாது. விலையையும் பூச்சி அரிப்பையும் பொறுத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு அதுவே மேல்.

நிறத்தில் பாலியஸ்டர் சிறந்தது. சாதாரணச் சாயங்கள் இந்த இழைக்குள் நுழைவதில்லை. நீரில் கரையாமல் நுண்துகளாக மிதக்கும் தனி வகைச் சாயத்தை, அழுத்தக் கலத்தில் 130 பாகை வரை சூடேற்றித்தான் இழைக்குள் செலுத்துகிறார்கள். அவ்வளவு சிரமப்பட்டு உள்ளே போன சாயம் வீட்டுத் துவையலில் வெளியே வருவது அரிது. வெயிலையும் நன்றாகத் தாங்குவதால் திரைச்சீலைக்கு இதைவிடப் பொருத்தமான துணி குறைவு. வெயிலில் மஞ்சளித்து வலுவிழக்கும் நைலான் இந்த இடத்தில் பாலியஸ்டருக்கு ஈடாகாது. தேய்மானத்தைத் தாங்குவதிலும் இழுத்தால் மீள்வதிலும் நைலானின் கையே ஓங்கியிருக்கிறது. காலுறையின் குதிகாலுக்கும் பையின் அடிப்புறத்துக்கும் நைலான், குடைக்கும் சன்னலுக்கும் பாலியஸ்டர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

கலப்புத் துணிகளில் 65 பங்கு பாலியஸ்டருக்கு 35 பங்கு பருத்தி என்பது நெடுங்காலமாக வழங்கும் விகிதம். அலுவலகச் சட்டைக்கும் சீருடைக்கும் இது நேர்மையான சமரசம்: பருத்தி ஈரத்தை ஓரளவு ஏற்கிறது, பாலியஸ்டர் கசங்கலைத் தடுக்கிறது. தோலுக்கு அருகில் அணிவதானால் இந்த விகிதம் தலைகீழாக, பருத்தி கூடுதலாக இருப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். கலப்புத் துணியில் வேறொரு தொல்லை, சில மாதங்களில் கழுத்துப்பட்டையிலும் கைமடிப்பிலும் கட்டும் சிறு உருண்டைகள். தேய்ந்து வெளிவரும் இழைமுனைகள் எல்லாத் துணியிலும் சுருண்டுகொள்ளும். பருத்தியில் அவை அறுந்து விழுந்துவிடும். பாலியஸ்டரின் வலுவே அந்த உருண்டைகளை அறுந்துவிடாமல் துணியோடு கட்டிவைக்கிறது. குட்டை இழைகளைத் திரித்த நூலில் இது அதிகம்; முனையற்ற தொடர் இழையால் நெய்த துணியில் மிகக் குறைவு.

பட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முக்கோண வெட்டுமுகம் கொண்ட பாலியஸ்டர் இழை ஒளியைச் சிதறவிட்டுப் பட்டின் மினுமினுப்பைக் கொண்டுவருகிறது. எரிசோடாவில் மேற்பரப்பை அரித்து மெலிதாக்கினால் அதன் குழைவும் வந்துவிடுகிறது. கண் ஏமாறும், தோல் ஏமாறாது. சந்தேகம் வந்தால், ஓரத்திலிருந்து சில நூல்களை உருவி, உலோகத் தட்டின் மேல் இடுக்கியால் பிடித்து, கவனமாகக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டும் கம்பளியும் முடி கருகும் வாசத்துடன் எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் சுடரிலிருந்து சுருங்கி விலகி, உருகி, ஆறியபின் நசுக்க முடியாத கறுத்த மணியாக இறுகும். உருகிய துளி தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும் என்பதால், அடுப்பருகே வேலை செய்பவர்களும் தீப்பொறி பறக்கும் இடங்களில் இருப்பவர்களும் பாலியஸ்டரைத் தவிர்ப்பது நல்லது.

எனக்கு உள்ளபடியே கவலை தருவது, துவைக்கும்போது உதிரும் நுண்ணிழைகள். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 6 கிலோ துவையலில் ஏறத்தாழ 4,96,000 பாலியஸ்டர் இழைகள் உதிரலாம் என்று கணக்கிட்டார்கள். கம்பளிபோல் தோன்றும் செயற்கை இழையான அக்ரிலிக் துணியில் அது 7,29,000, பாலியஸ்டர்-பருத்திக் கலப்பில் 1,38,000. பருத்தியிலிருந்தும் இழை உதிரத்தான் செய்கிறது, ஆனால் அது காலப்போக்கில் மக்கிவிடும்; பாலியஸ்டர் நீரிலும் மண்ணிலும் மிக நீண்ட காலம் அப்படியே கிடக்கும். ஈரத்தாலும் நுண்ணுயிராலும் எளிதில் தீண்ட முடியாத அந்த உறுதிக்காகத்தான் நாம் இதை வாங்குகிறோம் என்பதால், இக்குறையைத் தனியே கழற்றி எடுத்துவிட முடியாது. மறுசுழற்சிப் பாலியஸ்டரும் இதற்கு விடையாகாது. அதில் பெரும்பகுதி பழைய பாட்டில்களிலிருந்து வருவது. புதுப் பெட்ரோலியத்தின் தேவையை அது குறைக்கிறது, அதற்காக அதை வரவேற்கிறேன். ஆனால் இழை உதிர்வதை அது தடுப்பதில்லை. மேற்பரப்பில் பஞ்சுபோல் இழை எழுப்பிய, கம்பளிபோன்ற பாலியஸ்டர் குளிராடைகளை (ஃபிளீஸ்) வாங்குவதை நான் குறைத்துக்கொண்டிருக்கிறேன். இருப்பவற்றை அழுக்கானால் மட்டும், குளிர்ந்த நீரில், இயந்திரம் நிறையத் துணியிட்டு, குறுகிய சுழற்சியில் துவைக்கிறேன்.

என் தேர்வு இதுதான்: மழையங்கி, குடை, பயணப்பை, திரைச்சீலை, தையல் நூல், விளையாட்டு உடை ஆகியவற்றுக்குப் பாலியஸ்டர், முறைச்சட்டைக்கும் கால்சட்டைக்கும் கலப்பு, உள்ளாடை, குழந்தையின் அன்றாட உடை, துவாலை, படுக்கை விரிப்பு ஆகியவற்றுக்குப் பருத்தி, கோடையில் தளர்வாக அணிவதற்குக் கசங்கினாலும் பரவாயில்லை என்று லினன். குளிர்கால உள்சட்டைக்கு மட்டும், கைக்கு எட்டுமானால், கம்பளி.