மிரெம்பே கவோமெரா காபி: குடிச்சுப் பார்த்துட்டு எழுதுறேன்

அக்கா போன தடவ கலிஃபோர்னியாவுல இருந்து வந்தப்போ ரெண்டு பாக்கெட் காபிக்கொட்டை கொண்டு வந்தா. மேல மிரெம்பே கவோமெரான்னு பேரு, வாய்ல நுழையவே ரெண்டு நாள் ஆச்சு. உகாண்டாவுல பேசுற லுகாண்டா மொழியில "ருசியான சமாதானம்"னு அர்த்தமாம். பேரக் கேட்டதும் எனக்கு லேசா அலர்ஜிதான், ஏன்னா நல்ல காரியத்துக்குன்னு சொல்லி விக்கிற சோப்பு, ஊதுபத்தி, தேன் எல்லாம் வாங்கி நிறைய ஏமாந்திருக்கேன், பரிதாபப்பட்டு ஒரு தடவ வாங்குவோம், அடுத்த தடவ கை போகாது. அதனால அந்த சமாதானக் கதைய ஓரமா வச்சிட்டு மொதல்ல காபிய மட்டும் பார்ப்போம்னு இருந்தேன்.

முழுக் கொட்டை. மொதல் நாள் மிக்சில அரைச்சேன், தப்பு என்னோடதுதான், பாதி மாவு பாதி ரவை, ஃபில்டர்ல அடைச்சுக்கிட்டு டிகாக்ஷன் இறங்கவே மாட்டேன்னுடுச்சு. மறுநாள் தெருமுனை காபித்தூள் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். கடைக்கார அண்ணன் ஒரு கை அள்ளி மோந்து பார்த்துட்டு "சிக்கரி எவ்வளவு போடணும் தம்பி"ன்னாரு, ஒண்ணுமே வேணாம்ணேன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு.

ருசி? பால் ஊத்தாம குடிச்சா டார்க் சாக்லேட் மாதிரி ஒரு கசப்பு, பின்னாடியே ஆரஞ்சுத் தோல கிள்ளுனா வருமே அந்த மாதிரி லேசா ஒரு புளிப்பு. சிக்கரி இல்லாததால கெட்டியா நிக்காது, பால குறைச்சுதான் ஊத்தணும், நம்ம வீட்டு அளவுக்கு ஊத்துனா ஓடிரும். அம்மா ஒரு வாய் குடிச்சிட்டு "என்னடா இது காபி மாதிரியே இல்ல, ஆனா நல்லாருக்கு"ன்னாங்க. ஆக ருசியில பாஸ்.

இப்ப கதைக்கு வரேன். இது விளையிற இடம் கிழக்கு உகாண்டாவுல ம்பாலே ஊரைச் சுத்தி, எல்கான் மலைச் சரிவுல. உகாண்டா காபின்னா பெரும்பாலும் ரோபஸ்டா வகைதான், இந்த மாதிரி மலைப்பக்கங்கள்லதான் அராபிகா வகை, இங்க வாழை நிழல்ல வளருது. அங்க அபயுதாயான்னு ஒரு யூத சமூகம் இருக்கு. யாரும் வெளிநாட்டுல இருந்து குடியேறல, 1919 வாக்குல செமெய் ககுங்குலுன்னு ஒரு உள்ளூர் தலைவர் பைபிளோட பழைய ஏற்பாட்டப் படிச்சிட்டு நான் இனி யூதன்னு மாறினாரு, அவரோட ஆளுங்க வழியில வந்தவங்க. உகாண்டாவ ஆண்ட சர்வாதிகாரி இடி அமீன் காலத்துல அவங்க மதத்துக்கே தடை, ஒளிஞ்சு ஒளிஞ்சுதான் கும்பிட்டிருக்காங்க. சுத்தி இருக்கிறவங்க எல்லாம் கிறிஸ்தவங்களும் முஸ்லிம்களும்.

அந்த சமூகத்துல ஜே.ஜே. கெக்கின்னு ஒருத்தர், விவசாயி, பாட்டும் பாடுவாரு. 2001 செப்டம்பர் 11 அன்னிக்கு நியூயார்க்ல இருந்தாரு, ரெட்டைக் கோபுரத் தாக்குதல நேர்ல பார்த்தவரு. மதத்த வச்சு இப்படியும் நடக்குமான்னு ஊருக்குத் திரும்பினவரு மாநாடு எதுவும் போடல, பக்கத்து முஸ்லிம் வீடு, கிறிஸ்தவ வீடுன்னு போய் வாங்க சேர்ந்து காபி விப்போம்னு கூப்பிட்டிருக்காரு. 2004ல மூணு மதத்துக்காரங்களும் சேர்ந்து கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாங்க, பொறுப்புகளையும் மதம் பார்த்துப் பங்கு போட்டுக்கிட்டாங்க, ஒரே கூட்டத்துக்காரங்க கையில போகாம.

எனக்குப் பிடிச்ச விஷயமே இங்கதான் இருக்கு. எல்லாரும் சமாதானம் சமாதானம்னு அதப் பத்தியே எழுதுறாங்க, அடியில காசு கணக்கு இருக்கே அத யாரும் பேச மாட்டேங்கிறாங்க. அந்த சமயத்துல உலகச் சந்தையில காபி விலை படுபாதாளம், 2001 கடைசியில ஒரு பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழ போச்சு. தனித்தனியா வித்தா தரகர் சொன்னதுதான் விலை, நீ மசூதிக்குப் போறியா ஜெபஆலயத்துக்குப் போறியான்னா பார்ப்பான், எல்லார் தலையிலயும் ஒரே மாதிரிதான் கை வைப்பான். ஃபேர்ட்ரேட்னு விவசாயிக்கு நியாய விலை உறுதி பண்ற ஏற்பாடு இருக்கு, அதுல போனா அப்போ குறைஞ்சபட்சமே பவுண்டுக்கு 1.26 டாலர், ஆனா அதுக்கு சங்கமா இருக்கணும், தனி ஆளா போய் நிக்க முடியாது. அப்புறம் பழுத்த பழமா பார்த்துப் பறிக்கணும், கையால சுத்துற மெஷின்ல தோல் உரிக்கணும், புளிக்க வச்சுக் கழுவி வெயில்ல காய வைக்கணும். இதுல ஒருத்தர் பச்சைக் காயக் கலந்துட்டா எல்லாரோட விலையும் போச்சு, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரன் சரக்கு ஒழுங்கா இருக்கான்னு அக்கறை தானா வந்துரும். சேர்ந்து வாழ்றதுக்கு இத விட உருப்படியான காரணம் எனக்குத் தோணல, கேட்டா பிசினஸ் புத்தின்னு அக்கா திட்டுறா.

ரோஸ்ட் பண்றது கலிஃபோர்னியா ஃபோர்ட் பிராக்ல இருக்கிற தேங்க்ஸ்கிவிங் காஃபின்னு ஒரு கம்பெனி, சங்கத்தோட கொட்டைய அமெரிக்காவுக்கு எடுத்துட்டு வந்து வித்ததே அவங்கதான். இன்னொண்ணு, அந்த விவசாயிங்க காபியப் பத்தி, சங்கத்தப் பத்தி அவங்களே பாட்டுக் கட்டிப் பாடியிருக்காங்க, அத ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ்னு ஒரு அமெரிக்க இசை நிறுவனம் 2013ல ஆல்பமாவே போட்டுச்சு. கிட்டார் போட்டுக் கோரஸா பாடுறதெல்லாம் கேக்க ஜாலியா இருக்கு, தேடிப் பாருங்க.

சரி, கதை தெரியாம இருந்தா இத வாங்குவேனா? பிளாக் காபி குடிக்கிற நாள்னா கண்டிப்பா. காலையில டம்ளர் டபரா காபிக்குன்னா மாட்டேன், அதுக்கு எனக்கு சிக்கரி போட்ட பழைய தூளேதான் வேணும். ரெண்டாவது பாக்கெட்ட உடைக்கலாம்னு தேடினா காணோம், கேட்டா "யாராவது வந்தா போட்டுக் குடுக்கலாம்னு எடுத்து வச்சிருக்கேன்டா"ங்கிறாங்க அம்மா.