பிள்ளைகளுக்கான கொசு விரட்டி: டீட்டா, பிகாரிடினா?

என் மகளுக்குக் கொசுக்கடி சிறு தடிப்போடு நிற்பதில்லை. கடித்த இடம் சிவந்து வீங்கி, தூக்கத்திலேயே அவள் சொறிந்து, விடிவதற்குள் புண்ணாகிவிடும். கொசுவை விரட்டும் வேதிப்பொருள்களான டீட், பிகாரிடின் ஆகியவற்றில் டீட் கலந்த களிம்பையும் பிகாரிடின் கலந்த களிம்பையும் மாதக்கணக்கில் மாற்றி மாற்றிப் பூசிப் பார்த்தபின், 20 சதவீதப் பிகாரிடினையே நிரந்தரமாக்கிக்கொண்டேன்.

கொசுவை அண்டவிடாமல் செய்வதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 2 மாதம் நிறையாத குழந்தைக்கு இரண்டுமே ஆகாது. அந்த வயதில் கொசுவலைதான். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயும் நன்றாக வேலை செய்யும் என்றாலும், 3 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதைப் பூசக்கூடாது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது, ஒருமுறை பூசினால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான். டீட் புட்டியில் அச்சிட்டிருக்கும் சதவீதத்தை வீரியத்தின் அளவு என்றே நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது காவல் நீடிக்கும் நேரத்தையே காட்டுகிறது: 10 சதவீதம் ஏறத்தாழ 2 மணி நேரமும், பிள்ளைகளுக்கான உச்ச வரம்பான 30 சதவீதம் ஏறத்தாழ 5 மணி நேரமும் தாங்கும். 20 சதவீதப் பிகாரிடினோ 8 முதல் 12 மணி நேரம் வரை நிற்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அந்த நேரத்தில் பிள்ளை பள்ளியிலோ விளையாட்டிலோ இருப்பாள், மறுபடி பூசிவிட நாம் பக்கத்தில் இருக்கமாட்டோம். காலையில் பூசியது மாலை வரை தாங்குமா என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது. வியர்வையும் தண்ணீரும் இரண்டின் நேரத்தையும் குறைத்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. டீட் சிலவகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். ஒருநாள் அதைப் பூசிய கை காயுமுன் மகளின் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துவிட்டேன். சட்டத்தின் ஓரம் பிசுபிசுத்து, என் விரல்ரேகை அதில் அப்படியே பதிந்துவிட்டது. பிகாரிடினில் அந்தத் தொல்லை இல்லை, வாடையும் அநேகமாக இல்லை. டீட்டின் பக்கம் நிற்பது அதன் வயது: 1946இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது, 1957 முதல் பொதுமக்கள் பயன்படுத்துவது. அந்த நெடிய அனுபவத்தை நம்பி அதையே தேர்பவரை நான் மறுக்கமாட்டேன். எதுவானாலும் பெரியவர்கள்தான் பூசிவிட வேண்டும். பிள்ளையின் உள்ளங்கை, கண், வாய், வெட்டுக்காயம் ஆகியவற்றைத் தவிர்த்து, வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

தேனீ, குளவி ஆகியவற்றிடம் இரண்டுமே பலிக்காது. எங்கள் வீட்டில் தேனீ கொட்டியது ஒரே ஒருமுறை என்பதால் இதில் என் அனுபவம் சிறியது. கொடுக்கை எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பதைவிட, நகத்தால் சுரண்டியாவது உடனே எடுத்துவிடுவதே முக்கியம். பிறகு சோப்பால் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்தோம், வலி தணிந்தது. உதடோ முகமோ வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும், உடலெங்கும் தடிப்பு எழுந்தாலும், வீட்டு வைத்தியம் எதுவும் செய்துகொண்டிராமல் அந்த நொடியே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.