காரைக்குடியிலிருந்து மதுரைக்கு, அப்பாவோடு வென்டிலேட்டர் வண்டியில்

சிங்கப்பூரிலிருந்து இரண்டு வார லீவில் போயிருந்தேன். நாலாம் நாளே அப்பாவுக்கு நிமோனியா முற்றி, காரைக்குடி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள். மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொன்னபோது ராத்திரி பத்தரை.

முதலில் வந்த தனியார் வண்டியில் வென்டிலேட்டர் இருந்தது. கூட வருவது யார் என்று வார்டு சிஸ்டர் கேட்டபோதுதான் டிரைவரையும் ஒரு உதவியாளரையும் தவிர ஆளில்லை என்று தெரிந்தது. வழியில் டியூப் நழுவினால் யார் பார்ப்பது என்றார், பதில் இல்லை, திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு மணி நேரம் போச்சே என்று அவர்மேல் கோபப்பட்டேன். இப்போது நினைத்தால் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

அடுத்த வண்டியில் ஒரு டாக்டரும் ஐசியூவில் வேலை பார்த்த சிஸ்டரும் வந்தார்கள். அந்த சிஸ்டர் அவசரப்படவே இல்லை. அப்பா கட்டிலில் இருக்கும்போதே வண்டியின் வென்டிலேட்டரை மாட்டிப் பத்து நிமிடம் பார்த்தார். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆக்சிஜன் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு 1200, ஒரு பி டைப் சிலிண்டரில் 1500 லிட்டர்தான், வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று இன்னொன்றையும் ஏற்றச் சொன்னார். மருந்து ஏற்றும் பம்பின் பேட்டரியையும், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கையும் பார்த்த பிறகுதான் கிளம்பினோம்.

ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவர் குரல் கொடுப்பார், உடனே சிஸ்டர் உதட்டோரம் டியூபை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வார், டியூபில் 22 செ.மீ. என்ற கோடு நகர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். நினைவில்லாத அப்பாவிடம் "ஐயா, பள்ளம் வருது, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மேலூர் தாண்டியதும் அலாரம் அடித்தது, ஆக்சிஜன் அளவு 84-க்கு இறங்கிவிட்டது. டியூபில் சளி அடைத்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, டாக்டர் ஆம்பு பேக்கை அழுத்த, சிஸ்டர் சக்ஷன் போட்டு சளியை எடுத்தார். 95-க்கு வரும்வரை எனக்கு உயிர் இல்லை.

வெளிநாட்டிலிருந்து போனில் ஏற்பாடு செய்கிறவர்கள் தயவுசெய்து வாடகைக்கு முன்னால் கூட வருவது யார், சக்ஷன் போடத் தெரியுமா என்று கேளுங்கள். 2008 முதல் ஓடும் நம் 108-லும் வென்டிலேட்டர் உள்ள வண்டிகள் உண்டு, காசு கிடையாது, அதையும் விசாரியுங்கள்.

மதுரையில் என்ன மருந்து எவ்வளவு ஓடுகிறது, எப்போது சளி எடுத்தது என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அந்த சிஸ்டர் ஐசியூவை விட்டு வெளியே வந்தார். நான் டீ வாங்கிக்கொண்டு போனபோது, வண்டிப் பின்கதவைத் திறந்துவைத்து சக்ஷன் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்போது மணி மூன்று.