பழைய மாரோவிண்ட், நிறைய மோட், புது கணினி: எந்த வழியில் ஓட்டுவது?

பழைய கேம் புது கணினியில் ஓடுமா என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் ஓடும் என்று யோசிக்காமல் சொல்லிவிடலாம். மோட், அதாவது ரசிகர்கள் எழுதிய கூடுதல் மாற்றங்கள், போட்ட பழைய கேம் ஓடுமா என்று கேட்டால் மட்டும் நான் பதிலுக்குக் கேள்வி கேட்பேன்: என்ன மோட்?

மோட்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, கேமின் தரவுக் கோப்புகளோடு புதுக் கோப்புகளைச் சேர்ப்பது. புது வாள், புது ஊர், புது உடை என்று எதுவானாலும், கேமை ஓட்டும் அடிப்படை நிரலான எஞ்சின் அதைத் தன் சொந்தக் கோப்பைப் போலவே படித்துக்கொள்ளும். மற்றது, கேமைத் தொடங்கும் நிரலான எக்ஸி கோப்புக்குள்ளேயே கை வைப்பது. மோட்களுக்குப் புதுக் கட்டளைகளைக் கொடுக்கும் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் வகையெல்லாம் இதுதான். நினைவகத்தில் இன்ன முகவரியில் இன்ன கட்டளை இருக்கும் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கும். எக்ஸி கொஞ்சம் மாறினாலும் அதற்கு வழி தெரியாது. எந்த முறையில் கேமை ஓட்டுவது என்பதைக் கேமைவிட இந்த வேறுபாடுதான் முடிவு செய்கிறது.

2002இல் வந்த மாரோவிண்ட் என்ற கேமை வைத்துப் பார்ப்போம். இதற்கு இரண்டு வழியும் நன்றாகத் திறந்திருக்கிறது. ஒன்று, பழைய எக்ஸியையே ஒட்டுப்போட்டு ஓட்டுவது. மற்றது, ஓபன்எம்டபிள்யூ என்று புதிதாக எழுதிய திறமூல எஞ்சினில் பழைய தரவை ஏற்றுவது.

முதலில் பழைய எக்ஸி. இதில் முதல் வேலை, கேமை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்கு வெளியே நிறுவுவது. விஸ்டா காலத்திலிருந்தே, நிர்வாகி அனுமதி இல்லாத பழைய நிரல் அந்த ஃபோல்டருக்குள் எழுதப் பார்த்தால், விண்டோஸ் அதை வெர்ச்சுவல்ஸ்டோர் என்ற வேறு இடத்துக்குச் சத்தமில்லாமல் திருப்பிவிடும். நீங்கள் திருத்திய ஐஎன்ஐ (அமைப்புகள்) கோப்பு ஒன்று, கேம் படிக்கும் கோப்பு வேறொன்று என்றாகிவிடும். அடுத்தது நினைவகம். 32 பிட் நிரலுக்கு வழக்கமாகக் கிடைப்பது 2 ஜிபி முகவரி இடம்தான். பெரிய டெக்ஸ்சர் மோட்களை அடுக்கினால் அது சீக்கிரமே நிரம்பிவிடும். 4 ஜிபி பேட்ச் போட்டால், 64 பிட் விண்டோஸில் அந்த எல்லை இரட்டிப்பாகும்.

அப்புறம்தான் இந்த வழியின் உண்மையான பலம்: காட்சியை மேம்படுத்தும் எம்ஜிஇ எக்ஸ்இ, மாரோவிண்டின் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரான எம்டபிள்யூஎஸ்இ, பிழை திருத்தும் மாரோவிண்ட் கோட் பேட்ச். தொலைதூர நிலக்காட்சி, லுவா மொழியில் எழுதிய நூற்றுக்கணக்கான மோட்கள், பழைய பிழைகளுக்கான திருத்தங்கள் என்று எல்லாம் இங்கே கிடைக்கும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. டிஜிவூடூ 2 போன்ற ராப்பர்கள், கேம் படம் வரைய விண்டோஸிடம் அனுப்பும் பழைய டைரக்ட்எக்ஸ் அழைப்புகளை, அதன் புதுப் பதிப்புகளான டைரக்ட்3டி 11 அல்லது 12க்கு மாற்றிக் கொடுப்பவை. கேம் ஃபோல்டரில் ஒரு டிஎல்எல் கோப்பைப் போட்டால் போதும், வேலை செய்யும். மாரோவிண்ட் டைரக்ட்எக்ஸ் 8 கேம் என்பதால் அந்தக் கோப்பின் பெயர் டி3டி8. எம்ஜிஇ எக்ஸ்இ வைக்கும் கோப்பின் பெயரும் அதுவேதான். ஒரே உறையில் இரண்டு கத்தி நிற்காது. எம்ஜிஇ எக்ஸ்இ தானே அந்த அழைப்புகளை டைரக்ட்3டி 9க்கு மாற்றிவிடுவதால், இந்தக் கேமுக்கு டிஜிவூடூவை மறந்துவிடலாம். எதையும் விசாரிக்காமல் எல்லா ராப்பரையும் ஒரே ஃபோல்டரில் கொட்டுபவர்கள்தான் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. பழைய எஞ்சின் மோட்களை ஏற்றும் வரிசையைக் கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியை வைத்துத்தான் தீர்மானிக்கும். நான் ஒரு முறை பழைய வட்டிலிருந்த மோட்களை இணையச் சேமிப்பு வழியாகப் புது கணினிக்குக் கொண்டுவந்தேன். எல்லாக் கோப்பிலும் அன்றைய தேதியே விழுந்துவிட்டது. பல மாதம் பார்த்துப் பார்த்து அடுக்கிய வரிசை போயே போய்விட்டது. ஒரு ஊரில் வீடுகள் ஒன்றுக்குள் ஒன்று முளைத்து நின்றன. பிழை கேமில் இல்லை, என்னிடம்தான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி ஆனது.

ஓபன்எம்டபிள்யூவில் இந்தத் தலைவலி இல்லை. அதன் சிஎஃப்ஜி (அமைப்புகள்) கோப்பில் மோட்களின் பெயர் எந்த வரிசையில் எழுதியிருக்கிறதோ, அதுதான் ஏற்றும் வரிசை. ஒவ்வொரு மோடையும் தனித்தனி ஃபோல்டரில் வைத்துவிட்டு, அந்த ஃபோல்டர்களின் பாதையை மட்டும் எழுதினால் போதும். பிடிக்காத மோடை எடுக்க ஒரு வரியை அழித்தால் சரி. அசல் கேமின் டேட்டா ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் கொட்டி, எது எதை மேலெழுதியது என்று தெரியாமல் விழிக்கும் வேலை இல்லை. எஞ்சின் 64 பிட் என்பதால் 2 ஜிபி சுவரும் கிடையாது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் நேரடியாகவே ஓடும்.

டாம்ரியல் ரீபில்ட் மாதிரி பெரிய நிலப்பரப்பையே சேர்க்கும் தரவு மோட்கள் இதில் அருமையாக வேலை செய்யும். எம்டபிள்யூஎஸ்இ மோட்கள் மட்டும் ஓடவே ஓடாது. அவை தேடும் எக்ஸி இங்கே இல்லையே! 0.48 பதிப்பிலிருந்து ஓபன்எம்டபிள்யூவுக்கும் லுவா வந்திருக்கிறது. ஆனால் மொழிதான் ஒன்று, கட்டளைகள் வேறு. இதற்கென்று யாராவது தனியாக எழுதினால்தான் உண்டு. அதோடு இந்த எஞ்சின் கொஞ்சம் கறாரான வாத்தியார். பழைய எஞ்சின் கண்டும் காணாமல் விட்ட ஸ்கிரிப்ட் பிழைகளை இது பிடித்து லாக் கோப்பில் எழுதி வைக்கும்.

என் முடிவைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவருக்கு ஓபன்எம்டபிள்யூதான். குறிப்பிட்ட ஒரு எம்டபிள்யூஎஸ்இ மோடுக்காகவே விளையாட வருபவர் ஓபன்எம்டபிள்யூ பக்கம் போக வேண்டாம்.

லினக்ஸில், விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன் அல்லது புரோட்டான் வழியாகப் பழைய எக்ஸியை ஓட்டுவது மூன்றாவது வழி. டிஎக்ஸ்விகே என்ற கருவி டைரக்ட்3டி அழைப்புகளை, லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்ற கிராபிக்ஸ் முறைக்கு மாற்றுவதால், கிராபிக்ஸ் பக்கம் கவலை குறைவு. மோட்தான் பிரச்சினை. ஃபோல்டரில் மோடின் டிஎல்எல் இருந்தாலும் வைன் தன்னுடையதையே எடுத்துக்கொள்ளும். டி3டி8, டிஇன்புட்8 இரண்டுக்கும் நேட்டிவ் (ஃபோல்டரில் உள்ளது) முதலில் என்று ஓவர்ரைடு கொடுத்தால்தான் எம்ஜிஇ எக்ஸ்இ கண்விழிக்கும். இன்னொன்று, ஃபோல்டர் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறி இருந்தால், லினக்ஸ் அவற்றை இரண்டு ஃபோல்டராகவே பிரித்து வைக்கும். பாதி மோட் காணாமல் போனதுபோல் தெரியும்.

86பாக்ஸ் போன்ற எமுலேட்டரில் பழைய கணினியையே உருவாக்கும் வழி இந்தக் கேமுக்கு உதவாது. வூடூ என்ற பழைய கிராபிக்ஸ் அட்டை காலத்து 90களின் கேம்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் பென்டியம் 2 வேகத்தைப் போலி செய்வதற்கே இன்றைய சிபியு வியர்க்கும்.

எல்லாக் கேமுக்கும் மாரோவிண்டின் அதிர்ஷ்டம் வாய்க்காது. 2005இல் கணினிக்கு வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸை எடுங்கள். எக்ஸிக்குள் கை வைக்கும் வகையான கிளியோவும் ஏஎஸ்ஐ மோட்களும் பெரும்பாலும் 1.0 எக்ஸியைத்தான் எதிர்பார்க்கும். அங்கே அசல் எக்ஸி, அதோடு சைலண்ட்பேட்ச் என்ற பிழைத்திருத்தம், இந்த ஒரே பாதைதான். கடையில் கிடைக்கும் புதுப் பதிப்பு வசதியாக இருக்கலாம், ஆனால் மோடுக்குப் பொருந்தாமல் போகலாம். 2021 அக்டோபரில் ஸ்டீமில் ஃபால்அவுட் 3க்கு வந்த அப்டேட் நல்ல உதாரணம். கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ் என்ற மைக்ரோசாஃப்டின் பழைய இணையச் சேவையின் தொல்லையை நீக்கியது. கூடவே எக்ஸியும் மாறியதால் ஃபோஸ் என்ற ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் வேலை செய்யவில்லை. பழைய எக்ஸிக்குத் திரும்பத் தனியாக ஒரு பேட்ச்சரே தேவைப்பட்டது.

மாரோவிண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஓபன்எம்டபிள்யூ அசல் கோப்புகளைப் படிக்க மட்டுமே செய்கிறது, எதையும் மாற்றுவதில்லை. என் கணினியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சேவ் கோப்பின் வடிவம் மட்டும் வேறு. அதனால் ஒன்றில் வீடு கட்டிக் குடியேறிய என் கதாபாத்திரம், மற்றதில் இன்னும் கேம் தொடங்கும் கப்பலிலிருந்தே இறங்கவில்லை.