பிரஸ் கூலி வாங்கிக்கொண்டு சுத்தியலால் அடித்த பேரிங்

ரேஸ் ட்ராக்கில் ஓட்டுகிறவர்கள் யாராவது முன் வீல் பேரிங் (சக்கரம் சுழல உதவும் குண்டு வளையம்) மாற்ற வண்டியைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். ஒரே வேலைக்கு நான் இரண்டு முறை பணம் அழுதேன்.

என்னுடையது பழைய ஸ்விஃப்ட். வருஷத்துக்கு நாலைந்து தடவை சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குப் போகும். அங்கே வண்டி வலஞ்சுழியாகச் சுற்றுவதால் வளைவுகளில் பாரமெல்லாம் இடது முன் சக்கரத்தில் விழும். பிரேக் டிஸ்க்கின் சூடு வேறு ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) வழியாக இறங்கி உள்ளே இருக்கும் கிரீஸை வேகவைத்துவிடும். போதாததற்கு, வெளியே தள்ளி உட்காரும் அகலமான அலாய் வீல் போட்டிருக்கிறேன், அது பேரிங்கை நெம்பும் (என் தப்புதான்). ஆக இடது பேரிங் போனதில் ஆச்சரியமே இல்லை. அறுபதைத் தாண்டினால் ‘ஊ’ என்று சத்தம், ஸ்டீயரிங்கை லேசாக வலது பக்கம் ஒடித்தால் கூடும், இடது பக்கம் ஒடித்தால் அடங்கும்.

ட்ராக் வண்டி ஸ்பெஷலிஸ்ட் என்று ரேஸ் கார் படத்தோடு போர்டு வைத்திருக்கும் ஒரு கராஜில் விட்டேன். முதலில், ஸ்ட்ரட் (முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) மேலே இருக்கும் பேரிங்தான் போயிருக்கிறது என்றார்கள். இரண்டு பக்கமும் மாற்றி 3,200 ரூபாய் வாங்கினார்கள், சத்தம் அப்படியே இருந்தது. அந்த பேரிங் போனால் ஸ்டீயரிங் திருப்பும்போதுதான் டொக் டொக்கென்று ஸ்பிரிங் துள்ளும், நேராக ஓடும்போது ஊளையிடாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சரி, வீல் பேரிங்கையே மாற்றுங்கள் என்றேன். “ரெண்டையும் சேர்த்தே மாத்திடலாம் சார்” என்றார்கள். பில்லில் பிரஸ் (பேரிங்கை அழுத்தி ஏற்றும் இயந்திரம்) கூலி மட்டும் பக்கத்துக்கு 1,500.

தொள்ளாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அடுத்த ட்ராக் நாளில், நீண்ட நேர்பாதை முடிந்து பிரேக்கை மிதித்தால் பெடல் பாதி வரை சும்மா இறங்குகிறது. இரண்டாவது மிதியில்தான் பிடித்தது. வயிறு கலங்கிவிட்டது. பேரிங்கில் ஆட்டம் இருந்தால் டிஸ்க் ஆடி பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும், பெடல் அந்த இடைவெளியை மூடிய பிறகுதான் பிடிக்கும். பிரேக் ஆயிலைக் குறை சொல்லிக்கொண்டு இன்னும் பத்து ரவுண்டு ஓட்டியிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

கராஜில் கேட்டால், ட்ராக்கில் ஓட்டினால் வாரண்டி இல்லையாம். போர்டில் ரேஸ் கார் எதற்கு என்று கேட்க வந்தேன், கேட்கவில்லை.

லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இடது நக்கிளை (பேரிங் உட்காரும் உலோகப் பாகம்) கழற்றிக் கொண்டுபோனேன். பேரிங்கைப் பிரித்துத் துடைத்து, உள் ரேஸை (பேரிங்கின் உள் வளையம்) என் கையில் கொடுத்தார். “நகத்தை வெச்சுத் தேய்ச்சுப் பாருங்க தம்பி.” குண்டுகள் உட்காரும் பள்ளத்தில், ஒரே இடைவெளியில் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் நகம் தட்டியது. நக்கிள் விளிம்பில் சுத்தியல் தழும்பு. பேரிங் நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப்கூடப் பழசையே மாட்டியிருந்தார்கள்.

நக்கிளுக்குள் இறக்கும்போது வெளி ரேஸைத்தான் (வெளி வளையம்) அழுத்த வேண்டும், ஹப்பை ஏற்றும்போது உள் ரேஸுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தாலோ அடித்து இறக்கினாலோ அழுத்தமெல்லாம் குண்டுகள் வழியாகப் போய் அன்றைக்கே குழி விழுந்துவிடும். ஆக்சில் நட்டும் புதிதாகப் போட்டு டார்க் ரெஞ்சால் (சரியான அளவுக்கு இறுக்கும் ரெஞ்ச்) இறுக்க வேண்டும், அதுவரை வண்டியை உருட்டக் கூடாது. என் நட்டை ஏர் கன் வைத்தே இறுக்கித் தள்ளியிருந்தார்கள்.

வேலை முடிந்து வந்ததும் ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் சஸ்பென்ஷனின் பால் ஜாயின்ட் பக்கம் பாருங்கள். பழைய பேரிங்கைக் கேட்டு வாங்குங்கள், பிரஸ் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். நான் பார்க்கவில்லை. அங்கே பிரஸ்ஸே இல்லை என்று பிறகு தெரிந்தது.

குழி விழுந்த ரேஸைப் படம் பிடித்து கராஜுக்கு அனுப்பினேன். “பேரிங் கம்பெனி ஃபால்ட் சார்” என்று பதில் வந்தது. வலது பக்கமும் அவர்கள் அடித்ததுதான். இன்னும் சத்தம் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை கழற்றப் போகிறேன்.