விளம்பரக் கணக்கு யார் பெயரில்?

டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனம் தேடும் கடைக்காரர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது கட்டணத்தை அல்ல. கூகுள் விளம்பரக் கணக்கு யார் பெயரில் இருக்கும் என்பதை.

ஒரு வகையினர் தங்கள் கணக்கிலேயே உங்கள் விளம்பரத்தை ஓட்டுவார்கள். உங்களுக்கு வேலை மிச்சம். மாதம் ஒரு தொகை கட்டினால் போதும். ஆனால் அதில் எவ்வளவு கூகுளுக்குப் போனது, எவ்வளவு அவர்கள் கூலி என்பது அவர்கள் சொன்னால்தான் தெரியும். பிரிந்தால், எந்தத் தேடல் சொல் வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது என்ற வரலாறும் அவர்களோடு போய்விடும். நீங்கள் காசு கொடுத்துக் கற்ற பாடம் அது, மனசு ஆறாது.

இன்னொரு வகையினர் உங்கள் பெயரில் கணக்குத் திறந்து, தங்கள் மேனேஜர் கணக்கோடு (பல வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் கணக்கு) இணைத்துக்கொள்வார்கள். விளம்பரப் பணம் உங்கள் கார்டிலிருந்து நேராகக் கூகுளுக்குப் போகும். ரசீதும் உங்கள் பெயரில் வரும். பிடிக்கவில்லையா, இணைப்பை நீங்களே துண்டிக்கலாம். தொடக்கத்தில் விவரங்கள் கொடுக்கக் கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் கடை விவரத்தைக் காட்டும் பிசினஸ் ப்ரொஃபைலிலும் இப்படித்தான் இருக்க வேண்டும்: உரிமையாளர் நீங்கள், மேலாளர் அவர்கள்.

என் ஓட்டு இரண்டாவதற்கே. ஆனால் "தேடலில் முதல் இடம் கேரண்டி" என்றால் எந்த வகையினரும் வேண்டாம். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது.